எந்தத் தொலைவைக் கண்ணாடிக்கு விடுவது? நடுவயதுக் கண்புரையும் லென்ஸ் தேர்வும்

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கிடங்கில் தரம் பிரிப்பவரின் வேலை, கண்ணிலிருந்து ஏறத்தாழ இரண்டடிக்குள் நடக்கிறது. சல்லடையில் 8 மி.மீ. அளவுக்கு நின்ற காயைப் பரப்பி வைத்து, வெடித்தது, வெளுத்தது, பூச்சி துளைத்தது என்று விரல்கள் ஒதுக்கிக்கொண்டே போகும். பச்சையின் சாயல் சற்று மங்கினாலும் ஏலத்தில் விலை இறங்கும். அதே ஊரிலிருந்து விடியுமுன் ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப் ஓட்டுநருக்கு வேண்டிய பார்வை வேறு. மூடுபனிக்குள் எதிர்வண்டியின் விளக்கு எந்த இடத்தில் இருக்கிறது, சாலையின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். மலைமேல் உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டத்தில் காய் எடுப்பவர், நிழல் மரங்களின் அரையிருட்டில் குனிந்து, செடியின் தூரில் தரையோடு கிடக்கும் சரத்தில் முற்றிய காயையும் பிஞ்சையும் பிரித்தறிய வேண்டும். நிமிர்ந்ததும் ஈரச் சரிவில் அடுத்த அடியை வைக்க வேண்டும்.

இந்த மூவருக்கும் ஐம்பது வயதில் கண்புரை வந்தால் மூவருக்கும் ஒரே லென்ஸ் பொருந்துமா? மருத்துவமனையில் இந்தக் கேள்வி பெரும்பாலும் வேறு வடிவில் வருகிறது: 'எந்த லென்ஸ் நல்லது?' அதற்கு விலைப்பட்டியல் ஒரு விடை சொல்கிறது, ஆய்வுகள் பல விடைகள் சொல்கின்றன. அந்த விடைகள் எங்கிருந்து பிறந்தன, எங்கே தடுமாறுகின்றன, ஏலமலை அடிவாரத்தில் வாழும் நடுவயதுக்காரருக்கு எந்த அளவு உதவுகின்றன என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

சோடாபுட்டிக் கண்ணாடியிலிருந்து மடக்கு லென்ஸ் வரை

புரை விழுந்த லென்ஸை ஊசியால் கண்ணுக்குள்ளேயே பின்னால் தள்ளிவிடும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. லென்ஸை வெளியே எடுக்கும் அறுவையைப் பிரான்சின் ழாக் தாவியேல் 1747இல் செய்தார். இரண்டு முறைகளிலும் ஒளி உள்ளே வரும்; அதைக் குவிக்க ஆளில்லை. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை, அறுவை முடிந்தவருக்கு ஏறத்தாழ பத்து டயாப்டர் பவருள்ள தடித்த கண்ணாடி தரப்பட்டது. ஊர்வழக்கில் அது சோடாபுட்டிக் கண்ணாடி. பொருள்கள் கால்பங்குக்கு மேல் பெரிதாகத் தெரிந்தன. பக்கவாட்டில் ஒரு வளையம் அளவுக்கு எதுவுமே தெரியாது. கண்ணாடி உடைந்தால் பார்வையும் போயிற்று.

கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் எண்ணம் போரிலிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் புகுந்த பெர்ஸ்பெக்ஸ் சில்லுகளைக் கண் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதை லண்டன் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி கவனித்தார். அதே வகைப் பொருளில் செய்த லென்ஸை 1949 நவம்பர் 29 அன்று புனித தாமஸ் மருத்துவமனையில் பொருத்தினார். ஆனால் லென்ஸைக் கண்ணில் நிலையாக விட்டுவைத்தது 1950 பிப்ரவரியில். முதல் நோயாளி நாற்பதுகளில் இருந்த ஒரு பெண். லென்ஸ் உள்ளே அமர்ந்தது. பவர் கணக்கோ வெகுவாகத் தவறி, அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. லென்ஸைப் பொருத்துவது ஒரு சிக்கல், எந்தத் தொலைவுக்குப் பொருத்துவது என்பது வேறொரு சிக்கல் என்று அந்த முதல் கண்ணே காட்டிவிட்டது.

அடுத்த மாற்றங்கள் வேகமாக வந்தன. 1967இல் சார்லஸ் கெல்மன் புரையைக் கேளா ஒலியால் உடைத்து உறிஞ்சும் 'பாக்கோ' முறையைக் கொண்டுவந்தார். 1980களில் மடக்கி உள்ளே செலுத்தும் லென்ஸ்கள் வந்தன. கண்ணின் நீளத்தை அளந்து பவரைக் கணக்கிடும் சூத்திரங்கள் செம்மையாயின. ஒரு மி.மீ. தவறாக அளந்தால் பவர் ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் பிசகும் என்பதால், அளவீட்டுக் கருவி கத்திக்கு நிகரான முக்கியத்துவம் பெற்றது.

தென்தமிழகத்தில் இந்தக் கதை மதுரை வழியாகச் செல்கிறது. பணி ஓய்வுக்குப் பின் கண் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1985இல் தேனியில் அதன் கிளை வந்தது. 1980களின் இறுதியிலும் உள்விழி லென்ஸ் இறக்குமதிப் பொருளாக, ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் அதை இங்கேயே தயாரித்து, விலையைப் பல மடங்கு இறக்கியது. லென்ஸ் வைப்பது ஏழை நாட்டு முகாம்களுக்குப் பொருந்துமா என்ற விவாதம் அப்போது உண்மையிலேயே நடந்தது. அதைச் சோதித்த மதுரை உள்விழி லென்ஸ் ஆய்வு 3,400 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பழைய அறுவையும் தடித்த கண்ணாடியும், மறுபிரிவுக்கு லென்ஸும் தந்து ஒப்பிட்டது. 1998இல் வந்த முடிவுகள் லென்ஸ் பிரிவுக்கே சாதகமாக இருந்தன.

லென்ஸ் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி அத்தோடு முடிந்தது. எந்த லென்ஸ் என்ற கேள்வி தொடங்கியது.

நடுவயது ஏன் தனிக்கணக்கு

எழுபது வயதில் புரை எடுப்பவருக்கு வெள்ளெழுத்து பழகிப்போன விஷயம். இருபதாண்டுகளாகப் படிக்கும் கண்ணாடி கையில் இருக்கிறது. நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்காரரின் நிலை வேறு. இயற்கை லென்ஸில் தொலைவுக்கேற்ப வளையும் திறன் அவருக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். புரையோடு சேர்த்து அந்த மிச்சமும் போய்விடுகிறது. இன்றைய செயற்கை லென்ஸ்களில் எதுவும் அந்த நெகிழ்வைத் திருப்பித் தருவதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே தெளிவான கண் கிடைத்தும், 'முன்பு பக்கத்தில் தெரிந்தது இப்போது தெரியவில்லை' என்ற குறையை இவ்வயதினர் அதிகம் சொல்கிறார்கள்.

இவ்வயதில் வரும் புரைக்குப் பல நேரம் ஒரு காரணம் பின்னால் நிற்கிறது. சர்க்கரை நோய், மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ நீண்டநாள் எடுத்த ஸ்டீராய்டு, கண்ணில் பட்ட அடி ஆகியவை பொதுவானவை. லென்ஸின் பின்புற ஓரத்தில் படியும் வகைப் புரை இவர்களிடம் கூடுதல். வெயிலில் கண் கூசும். பக்கப் பார்வை (கிட்டத்தில் பார்ப்பது) முதலில் கெடும். சோதனை அட்டையில் பார்வை ஓரளவு நன்றாகவே இருக்கும். 'புரை முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்ற பழைய அறிவுரை இங்கே பொருந்துவதில்லை. வேலையைப் புரை எப்போது தடுக்கிறதோ அப்போது எடுப்பது என்பதே இன்றைய பொதுக் கருத்து.

மேலும் மூன்று கணக்குகள் உண்டு. முதலாவது காலம்: லென்ஸ் முப்பது, நாற்பது ஆண்டு உள்ளே இருக்க வேண்டும். பல்லாண்டுக்குப் பின் சிலவகை லென்ஸ் பொருள்களில் அரிதாகத் தோன்றும் சுண்ணப் படிவும் மங்கலும் எழுபது வயதினரைவிட இவர்களுக்கே அதிகம் பொருட்படுத்தத் தக்கவை. இரண்டாவது, லென்ஸைத் தாங்கும் பை பின்னாளில் மங்குவது இளவயதினரிடம் கூடுதல். அதைச் சில நிமிட லேசரில் சரிசெய்யலாம். மூன்றாவது, அறுவைக்குப் பிறகு விழித்திரை விலகும் அபாயம், சிறியதே ஆனாலும், அறுபதுக்குக் கீழுள்ள ஆண்களிடமும் கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களிடமும் அதிகம். இம்மூன்றும் எந்தக் குவிய வகை லென்ஸ் வைத்தாலும் எழக்கூடியவை என்பதால் விலைப்பட்டியலில் இடம்பெறுவதில்லை.

முதல் நிலைப்பாடு: ஒற்றைக் குவியம் போதும்

ஒரே தொலைவுக்குக் குவிக்கும் மோனோஃபோக்கல் லென்ஸே உலகில் மிகுதியாக வைக்கப்படுவது. அரசு மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் இலவசமாகக் கிடைப்பதும் இதுதான். வழக்கமாகத் தூரப் பார்வைக்கு வைத்து, எழுத்துப் பார்க்கக் கண்ணாடி தருவார்கள். இதன் ஆதரவாளர்களின் வாதம் எளியது. உள்ளே வரும் ஒளி முழுவதும் ஒரே பிம்பத்துக்குப் போகிறது. நிறமும், ஒளி-நிழல் மாறுபாடும் கூர்மையாக இருக்கும். இரவு விளக்கைச் சுற்றி வளையம் தோன்றுவது குறைவு. பிற்காலத்தில் விழித்திரை கெட்டாலும் லென்ஸ் அதனோடு சேர்ந்து தண்டிப்பதில்லை.

பலவீனம் என்ன? கண்ணாடியை நம்பி வாழ வேண்டும். நகர அலுவலகத்தில் அது சிறு சிரமம். ஏலத்தோட்டத்தில் சாரல், வியர்வை, மூடுபனி மூன்றும் கண்ணாடியில் படியும். காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் நுழைந்தால் வெப்பத்தில் கண்ணாடி உடனே புகைமூடும். மருந்து அடிப்பவருக்கு முகமூடியோடு கண்ணாடி பொருந்துவதில்லை. எனவே 'கண்ணாடி போட்டால் போச்சு' என்ற விடை எல்லாத் தொழிலுக்கும் ஒரே எடையுள்ளதன்று.

இந்த நிலைப்பாட்டுக்குள்ளேயே அதிகம் பேசப்படாத ஒரு தேர்வு இருக்கிறது: ஒற்றைக் குவியத்தைத் தூரத்துக்குத்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. கணக்கு எளியது. கண்ணை ஒன்றரை டயாப்டர் கிட்டப்பார்வையில் நிறுத்தினால் ஏறத்தாழ 67 செ.மீ. தொலைவு கண்ணாடியின்றித் தெளியும். இரண்டு டயாப்டரில் 50 செ.மீ., இரண்டரையில் 40 செ.மீ. நாளெல்லாம் இரண்டடிக்குள் காய் பிரிப்பவர், தையல்காரர், கணக்கெழுதுபவர் ஆகியோருக்கு இந்த நடுத்தொலைவு பொருந்தலாம். பேருந்தின் பெயர்ப்பலகை பார்க்க மட்டும் அவர்களுக்குக் கண்ணாடி வேண்டும். முன்பே கிட்டப்பார்வையோடு வாழ்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேலை பார்த்துப் பழகியவரைத் தூரத்துக்கு மாற்றினால், அவர் இழப்பையே முதலில் உணர்கிறார் என்பது கண் மருத்துவர்களிடையே பரவலாகச் சொல்லப்படும் அனுபவம். லென்ஸ் அதேதான், விலையும் அதேதான். கேட்க வேண்டிய கேள்வி மட்டும் கூடுதல்.

இரண்டாவது நிலைப்பாடு: சிலிண்டர் பவரைத் தீர்

கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே வளைவில் இல்லாவிட்டால் வருவது சிலிண்டர் பவர். புரை நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது ஒரு டயாப்டருக்கு மேல் இருக்கிறது. அதைச் சேர்த்துத் திருத்துவது டோரிக் லென்ஸ். 1990களில் அறிமுகமாகி, அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்றது. ஒளியைப் பங்குபோடாமல் குறையை மட்டும் நீக்குவதால், கூடுதல் விலை லென்ஸ்களில் எதிர்ப்பு குறைவான வகை இதுவே எனலாம்.

ஆயினும் அது அச்சில் அமர வேண்டும். ஒரு பாகை திரும்பினால் பயனில் சுமார் மூன்று விழுக்காடு போகும். முப்பது பாகை திரும்பினால் வைத்ததும் வைக்காததும் ஒன்றே. திரும்பினால் முதல் சில வாரங்களுக்குள் மறுபடி திருத்த வேண்டும். நாள்கூலிக்கு மலையேறுபவருக்கு ஒவ்வொரு மறுவருகையும் ஒருநாள் சம்பளம் என்பதால், மருத்துவர் சொல்லும் மறுபரிசோதனை நாளும் லென்ஸின் விலையில் சேர்ந்ததே.

வெயிலிலும் தூசியிலும் வேலை செய்பவர்களிடம் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். வெள்ளைவிழியிலிருந்து கருவிழிக்குள் சதை வளர்ந்திருந்தால், சிலிண்டர் பவரின் ஒரு பகுதி அந்தச் சதை இழுத்ததாக இருக்கலாம். சதையை நீக்கி, கருவிழி அடங்கிய பின் அளந்தால் வேறு எண் வரும். பழைய முள்குத்தோ இலைக்கீறலோ விட்ட தழும்பு, ஊர்ப்பேச்சில் 'பூ விழுந்த கண்', டோரிக் கணக்கைப் பொய்யாக்கும்.

அறுவை முறையும் இதோடு தொடர்புடையது. தையலில்லாமல் சுமார் 6 மி.மீ. கீறலில் செய்யும் முறையும், 2 முதல் 3 மி.மீ. கீறலில் செய்யும் பாக்கோவும் நம் பகுதியில் நடைமுறையில் உள்ளன. நேபாளத்தில் 108 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஒப்பீட்டில், ஆறு மாதத்தில் இரு முறைகளும் ஏறத்தாழ ஒரே பார்வையைத் தந்தன. புனேயில் நடந்த ஆய்வும் இரு முறைகளும் பாதுகாப்பானவை என்றே காட்டியது. பெரிய கீறலில் சிலிண்டர் பவர் சற்றுக் கூடுதலாகத் தங்குவதும் உண்டு. எனவே டோரிக் லென்ஸும், பல தொலைவுக்குக் குவிக்கும் பல்குவிய லென்ஸும் பெரும்பாலும் பாக்கோவோடு இணைந்தே வருகின்றன. லேசர் உதவியுடன் செய்யும் அறுவையைப் பற்றி 2020இல் வெளியான பிரிட்டிஷ், பிரெஞ்சு ஆய்வுகள், சாதாரண பாக்கோவைவிட அதில் தெளிவான மேன்மை எதையும் காணவில்லை.

மூன்றாவது நிலைப்பாடு: கண்ணாடியே வேண்டாம்

விளம்பரப் பலகைகளில் அதிகம் தென்படுவது இந்த நிலைப்பாடு. பல்குவிய (மல்டிஃபோக்கல்) லென்ஸின் பரப்பில் நுண்ணிய வளையங்கள் உண்டு. அவை ஒளியைத் தூரத்துக்கும் பக்கத்துக்கும் பிரித்தனுப்புகின்றன. அமெரிக்காவில் முதல் பல்குவிய லென்ஸ் 1997இல் அனுமதி பெற்றது. தூரம், நடு, பக்கம் என மூன்று குவியம் கொண்டது 2019இல்.

பயன் பொய்யில்லை. 2016இல் வெளிவந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, பல்குவியம் வைத்தவர்கள் பக்கப் பார்வையிலும் கண்ணாடி இல்லாமல் இருப்பதிலும் முன்னே நிற்கிறார்கள் என்று கண்டது. விளக்கைச் சுற்றி வளையமும் கூச்சமும் அவர்களிடமே கூடுதல் என்பதையும் அதே ஆய்வு பதிவுசெய்தது. காரணம் இயற்பியல். இரு குவிய வளைய லென்ஸில், வந்த ஒளியில் ஏறத்தாழ 41 விழுக்காடு தூரத்துக்கும் அதே அளவு பக்கத்துக்கும் போக, மீதி சிதறுகிறது. மூன்று குவியத்தில் சிதறல் குறைவு, ஆனால் பங்கு மூன்று. ஒரு பிம்பம் கூர்மையாக விழும்போது மற்றவை அதன்மேல் மங்கிய படலமாக விழுகின்றன. மூளை சில மாதங்களில் அதைப் புறக்கணிக்கப் பழகுகிறது என்பார்கள். பெரும்பாலோர் பழகுகிறார்கள், சிலர் பழகுவதில்லை.

போடிமெட்டுச் சாலையில் இரவில் வண்டி ஓட்டுபவருக்கு இந்த வளையம் சிறு தொந்தரவாக நில்லாது. மூடுபனி தானே ஒளியைச் சிதறடிக்கும். லென்ஸும் அதோடு சேர்ந்தால் எதிர்வண்டியின் இரு விளக்கும் ஒரே புகைமண்டலமாகலாம். நிழல் மரத்தின் அடியில், பச்சை இலைக்கிடையே பச்சைக் காயைத் தேடுபவருக்குக் குறைவது மாறுபாடு. அவருக்கு முதலில் வேண்டியதும் அதுவே. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால், அல்லது பாதிக்கப்படும் வாய்ப்பு தெளிவாக இருந்தால், பெரும்பாலான வழிகாட்டுதல்கள் இவ்வகையைத் தவிர்க்கவே சொல்கின்றன. ஐம்பது வயதில் நல்ல விழித்திரை உள்ளவருக்கு எழுபதிலும் அது அப்படியே இருக்கும் என்று யாரும் வாக்குறுதி தர முடியாது. நடுவயதில் இந்த லென்ஸைத் தேர்வது, அந்த நிச்சயமின்மையையும் சேர்த்தே தேர்வதாகும்.

எதிர்வாதத்துக்கும் வலு இருக்கிறது. பகலில் மட்டும் வேலை, நல்ல வெளிச்சம், தூரமும் பக்கமும் மாறி மாறிப் பார்க்க வேண்டிய தொழில், விழித்திரையும் கருவிழியும் நலம், எதிர்பார்ப்பு அளவோடு என்ற நிலையில் உள்ளவருக்கு இது பெரும் விடுதலையாக அமையலாம். மளிகைக் கடைக்காரர், ஆசிரியை, ஏல மையத்தில் திரையையும் கையிலுள்ள மாதிரிக் காயையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் வியாபாரி ஆகியோர் இதற்கு உதாரணம்.

நான்காவது நிலைப்பாடு: நடுவழி

இரு முனைகளுக்கும் இடையில் நீள்குவிய லென்ஸ் எனப்படும் வகை வந்தது. ஒளியைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்காமல், தூரத்திலிருந்து கையெட்டும் தொலைவு வரை ஒரே நீட்சியாக இழுக்க முயல்கிறது. இவ்வகையில் முதலாவதை அமெரிக்கா 2016இல் அனுமதித்தது. வளையங்கள் இல்லாத வடிவம் 2020இல் வந்தது. ஒற்றைக் குவியத்தின் நடுப்பகுதியைச் சற்றே மாற்றி நடுத்தொலைவைக் கொஞ்சம் கூட்டித் தரும் 'மோனோஃபோக்கல் பிளஸ்' வகையும் இன்று கிடைக்கிறது. விளக்கு வளையத் தொந்தரவு பல்குவியத்தைவிடக் குறைவு, நடுத்தொலைவு நன்று, மருந்துச் சீட்டின் பொடி எழுத்துக்குக் கண்ணாடி வேண்டும் என்பது தோராயமான சித்திரம்.

காய் பிரிப்பது, சமைப்பது, செல்பேசியைக் கை நீட்டிப் பார்ப்பது எல்லாம் இந்த நடுத்தொலைவில் நடப்பதால், ஏலமலை வாழ்க்கைக்கு இது பொருந்தும் என்று ஊகிக்க இடமுண்டு. ஆனால் இவ்வகையின் வயது குறைவு. எந்த லென்ஸை இந்தப் பெயரால் அழைக்கலாம் என்பதிலேயே தயாரிப்பாளர்களிடம் தளர்வு இருக்கிறது. இருபது ஆண்டு பின்தொடர்ந்த சான்று ஒற்றைக் குவியத்துக்கு இருக்கும் அளவுக்கு இதற்கு இன்னும் சேரவில்லை.

ஐந்தாவது நிலைப்பாடு: கண்ணுக்கொரு தொலைவு

புது லென்ஸ் எதுவுமின்றி, ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறுகண்ணைப் பக்கத்துக்கும் வைக்கும் பழைய உத்தி மோனோவிஷன். சாதாரண லென்ஸ் போதும், கூடுதல் செலவில்லை. பிரிட்டனில் 212 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு இதைப் பல்குவியத்தோடு நேருக்கு நேர் நிறுத்தியது. கண்ணாடியே போடுவதில்லை என்றவர்கள் பல்குவியப் பிரிவில் நூற்றுக்கு 71, மோனோவிஷனில் 26. முதலாண்டுக்குள் லென்ஸைக் கழற்றி மாற்ற வேண்டி வந்தவர்கள் பல்குவியத்தில் 6 பேர், மோனோவிஷனில் ஒருவருமில்லை. கண்ணாடியைத் துறக்கும் ஆசையையும் தவறினால் வரும் விலையையும் இவ்வளவு துலக்கமாக ஒரே தராசில் வைத்த ஆய்வுகள் குறைவு.

இதன் பலவீனம் ஆழம் அறிவதில் இருக்கிறது. இரு கண்ணும் ஒரே தொலைவில் தெளிந்தால்தான் அடுத்த படியின் ஆழம் சரியாகத் தெரியும். ஈரச் சரிவில் மூட்டையோடு இறங்குபவருக்கு இரண்டு டயாப்டர் வேறுபாடு ஆபத்தாகலாம். முக்கால் முதல் ஒன்றேகால் டயாப்டர் வரை மட்டும் வேறுபடுத்தும் மிதமான வடிவத்தைப் பலர் விரும்புவது இதனால்தான். அறுவைக்கு முன்பே கான்டாக்ட் லென்ஸ் வைத்தோ கண்ணாடியிலோ சிலநாள் பழகிப் பார்க்க முடியும் என்பது இதன் பெரிய வசதி. புரை அடர்ந்த கண்ணில் அந்த ஒத்திகை முழு உண்மையைச் சொல்லாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

நடுவயதில் ஒரு கண்ணில் மட்டும் புரை வருவது அரிதன்று. அப்போது இந்த முறை தானாகவே முன்வருகிறது: மறுகண் இன்னும் இயற்கையாகக் குவிக்கிறது, புதுக்கண்ணை அதோடு எப்படி இசைப்பது? வைக்கப்போகும் லென்ஸ் இன்றைய மறுகண்ணுக்கும் பத்தாண்டுக்குப் பிந்தைய மறுகண்ணுக்கும் பொருந்த வேண்டும். இங்கே முதல் கண்ணுக்கு மிதமான தேர்வையே செய்து, இரண்டாம் கண் வரும்போது முழுத் திட்டத்தை வகுப்பது கூடுதல் பாதுகாப்பு எனலாம்.

விலையும் உரையாடலும்

லென்ஸ் தேர்வு பல இடங்களில் மருத்துவர் அறையில் முடிவாவதில்லை. ஆலோசகர் மேசையில், அட்டையில் அச்சிட்ட கட்டணங்களின் முன் முடிவாகிறது. 'தூரத்துக்கு மட்டும் தெரியும்ங்க' என்று முதல் வரியும், 'எல்லாமே தெரியும்ங்க' என்று கடைசி வரியும் சொல்லப்படும்போது, விலை ஏற ஏறப் பார்வையும் ஏறும் என்ற ஏணி மனத்தில் நிற்கிறது. அம்மாவுக்கு மலிவானதை வைத்துவிட்டோம் என்ற பேச்சு வரக்கூடாதென்று பிள்ளைகள் கடன் வாங்கியும் மேல்வரியைத் தேர்வதுண்டு. மேலே கண்டவை அந்த ஏணியை ஆதரிக்கவில்லை. ஒவ்வொரு வகையும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறது.

நீல ஒளியை வடிகட்டும் மஞ்சள் சாயலுள்ள லென்ஸ் விழித்திரையைக் காக்கும் என்ற கூற்றும் இந்த மேசையில் கேட்பது. 2018இன் காக்ரேன் தொகுப்பாய்வு அதற்கு நம்பத்தக்க சான்றைக் காணவில்லை. பணம் கட்டும் முன் கேட்கத் தக்க வேறு கேள்விகள் உண்டு: கருவிழியின் வளைவும் விழித்திரையும் சரியாகச் சோதிக்கப்பட்டனவா? கண் வறட்சி தீர்க்கப்பட்ட பின் அளந்தார்களா? லென்ஸ் ஒத்துவராவிட்டால் அடுத்த வழி என்ன? கடைசிக் கேள்விக்கு ஒரு நுட்பம் உண்டு. பல்குவியத்தால் குறைப்படுபவருக்கு, லென்ஸைத் தாங்கும் பையில் லேசர் அடித்துவிட்டால், பிறகு லென்ஸை மாற்றுவது கடினமாகும். ஆகவே காரணத்தை உறுதிசெய்யாமல் லேசருக்கு அவசரப்படக் கூடாது.

தீர்ந்தவையும் தீராதவையும்

சிலவற்றில் ஓரளவு உடன்பாடு இருக்கிறது. நன்றாக அளந்து வைத்த ஒற்றைக் குவிய லென்ஸ் இரண்டாம் தரத் தேர்வன்று. கணிசமான சிலிண்டர் பவர் இருந்தால், கருவிழி நலமாக இருக்கும் நிலையில், டோரிக்குக்குச் செலவிடுவது நியாயமான செலவு. இரவில் மலைச்சாலையில் ஓட்டுபவர், விழித்திரை பாதித்தவர், கருவிழியில் தழும்புள்ளவர் ஆகியோர் பல்குவியத்தைத் தவிர்ப்பதே முறை. கண்ணாடியைத் துறப்பதே முதன்மை விருப்பமாக இருந்து, கண் முழுதும் நலமாக இருப்பவருக்கு அது கிடைக்கத் தக்கதே.

தீராதவையும் உண்டு. ஐம்பதில் வைத்த பல்குவிய, நீள்குவிய லென்ஸ்கள் எண்பது வயதுக் கண்ணில் எப்படி நடந்துகொள்ளும் என்பது காலம் சொல்ல வேண்டியது. மனநிறைவை அளக்கும் வினாப்பட்டியல்கள் பெரும்பாலும் படிப்பது, கணினி, கார் ஓட்டுவது ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தவை. குனிந்து சரம் பார்ப்பதும், ஈரத்தில் படி இறங்குவதும், பச்சையில் பச்சையைப் பிரிப்பதும் அவற்றில் சரியாக இடம்பெறுவதில்லை. ஆகவே 'கண்ணாடி இன்றி வாழ்பவர் நூற்றுக்கு இத்தனை' என்ற எண்ணை அப்படியே மலையடிவாரத்துக்குக் கொண்டுவருவதில் தயக்கம் தேவை. கண்ணாடி புகைமூடும் தொழிலில், கண்ணாடியின்மைக்கு நகரத்தைவிட அதிக மதிப்பு இருக்கவும் கூடும். மாறுபாட்டை இழப்பதற்கு அதைவிட அதிக விலை இருக்கவும் கூடும். இரண்டில் எது கனம் என்பதை இந்தத் தொழில்களிலேயே அளந்து பார்க்க வேண்டும்.

அதுவரை, செலவில்லாத ஒரு படி எல்லா மருத்துவமனைக்கும் எட்டும். லென்ஸின் பெயரைச் சொல்லும் முன் இரண்டைக் கேட்பது: கை எந்தத் தொலைவில் வேலை செய்கிறது, இருட்டில் என்ன வேலை இருக்கிறது? தரம் பிரிப்பவர் கையை நீட்டிக் காட்டும் அந்த இரண்டடியை ஓர் அளவுநாடா அளந்துவிடும். ரிட்லியின் முதல் நோயாளிக்குப் பவர் தவறியது கருவி இல்லாத காலத்தில். இன்று கருவி இருக்கிறது. அதில் எந்தத் தொலைவை இலக்காக இடுவது என்பதை, அந்தக் கையை வைத்துப் பிழைப்பவரிடம் கேட்டே முடிவு செய்ய முடியும்.